ரிசர்வ் வங்கி நினைத்தால் கிரிப்டோவைத் தடை செய்துவிட முடியுமா?

போன வருஷம் ஜூன் மாதம். காலை ஒன்பது மணிக்கு நண்பர் ஒருவர் போன் செய்தார். குரலே சரியில்லை. பெட்ரோல் போட்டுவிட்டு ஸ்கேன் செய்திருக்கிறார், பணம் போகவில்லை. பேங்குக்கு ஓடினால், "உங்க அக்கவுண்ட் ஃப்ரீஸ் ஆயிருக்கு சார், வேற ஸ்டேட் சைபர் க்ரைம்லேர்ந்து லெட்டர் வந்திருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் வரும் அக்கவுண்ட் அது.

மனுஷன் செய்த காரியம் இவ்வளவுதான். மகள் ஸ்கூல் ஃபீஸ் கட்டுவதற்காக, இரண்டு வருஷமாக வைத்திருந்த 500 யுஎஸ்டிடியை பி-டு-பி முறையில் விற்றார். முன்பின் தெரியாத ஒருவர் ரூபாயை அனுப்பினார். இவர் காயினை விடுவித்தார். அந்த ரூபாய், ஆன்லைன் மோசடியில் யாரோ ஒருவர் பறிகொடுத்து, நாலு கை மாறி வந்த பணம். பறிகொடுத்தவர் புகார் கொடுக்க, பணம் போன வழியில் இருந்த அக்கவுண்ட்களை எல்லாம் வரிசையாகப் பூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதில் இவருடையதும் ஒன்று.

"நான் 30% வரி கட்டியிருக்கேன்டா. வரி வாங்கறாங்கன்னா சட்டப்படி சரின்னுதானே அர்த்தம்? தப்புன்னா ஒரேயடியா தடை பண்ணித் தொலைக்க வேண்டியதுதானே? ரிசர்வ் பேங்க் நினைச்சா முடியாதா?" என்று கேட்டார்.

கோபத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடி நான் படித்ததன் குறிப்புகள்தான் இந்தப் பதிவு. சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு மத்திய வங்கியால் தன் கீழே உள்ள வங்கிகளைத் தடுக்க முடியும், கிரிப்டோவைத் தடுக்க முடியாது. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இல்லை என்பதை ரிசர்வ் வங்கி, நைஜீரியா மத்திய வங்கி, சீன மக்கள் வங்கி மூன்றுமே வெவ்வேறு விலை கொடுத்துக் கற்றுக்கொண்டன.

தடை என்றால் எதைத் தடுப்பது?

பிட்காயின் என்பது ஒரு கணக்குப் புத்தகம். அதன் பிரதி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. உங்கள் பெயரில் இருக்கும் காயினை நகர்த்துவதற்குத் தேவையானது ஒரு ரகசியச் சாவி. அந்தச் சாவியை 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகளாக எழுதி வைத்துக்கொள்ளலாம், மனப்பாடமாகவும் வைத்துக்கொள்ளலாம். விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் அதிகாரி உங்கள் பெட்டியைப் பார்க்கலாம், மனப்பாடத்தைப் பார்க்க முடியாது.

ஆகவே இந்த அடித்தட்டில் எந்த வங்கிக்கும் வேலை இல்லை. அதற்கு மேலே மூன்று தட்டுகள் இருக்கின்றன. ஒன்று, மைனிங். பெரிய கூடாரம், ராட்சச கரண்ட் பில், கண்ணுக்குத் தெரியும். இரண்டு, எக்ஸ்சேஞ்ச். ஆபீஸ், இயக்குநர்கள், ஆப் எல்லாம் உண்டு. மூன்று, வங்கி. ரூபாய் கிரிப்டோவாகவும் கிரிப்டோ ரூபாயாகவும் மாறும் இடம்.

மத்திய வங்கியின் கை நேரடியாக எட்டுவது இந்த மூன்றாவதை மட்டும்தான். வாய்க்கால் மதகு அதன் கையில் இருக்கிறது, ஆறு இல்லை. மதகை மூடினால் அந்த வாய்க்கால் காயும். தண்ணீர் நின்றுவிடுமா, வேறு பக்கம் உடைத்துக்கொண்டு போகுமா என்பது ஆற்றில் எவ்வளவு வேகம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த 'வேகம்' என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நம் ஊர்க் கதை.

2018: மதகு மூடப்பட்டது

ரிசர்வ் வங்கி திடீரென்று விழித்துக்கொள்ளவில்லை. 2013 டிசம்பரிலேயே 'மெய்நிகர் நாணயங்களில் ஆபத்து இருக்கிறது, ஜாக்கிரதை' என்று பத்திரிகைக் குறிப்பு விட்டது. 2017 பிப்ரவரியிலும் டிசம்பரிலும் மறுபடி எச்சரித்தது. அந்த டிசம்பரில்தான் பிட்காயின் 20,000 டாலரைத் தொடப்போய் ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. எச்சரிக்கையை யார் கேட்டார்கள்!

2018 ஏப்ரல் 6-ஆம் தேதி சர்க்குலர் வந்தது. சாரம் ரொம்ப எளிது: ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள எந்த நிறுவனமும் மெய்நிகர் நாணயத்தில் ஈடுபடக் கூடாது, ஈடுபடுகிறவர்களுக்கு எந்தச் சேவையும் கொடுக்கவும் கூடாது. ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் மூன்று மாதத்துக்குள் வெளியே வர வேண்டும்.

கவனியுங்கள். பிட்காயின் வைத்திருப்பது குற்றம் என்று அதில் ஒரு வரி கூட இல்லை. இருக்கவும் முடியாது. ஒன்றைக் குற்றமாக்குவது நாடாளுமன்றத்தின் வேலை. ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத்தான் உத்தரவு போட முடியும்.

விளைவு உடனே தெரிந்தது. அப்போதைய பெரிய எக்ஸ்சேஞ்சான ஸெப்பே 2018 செப்டம்பரில் இந்திய எக்ஸ்சேஞ்சை மூடியது. பெங்களூரில் யூனோகாயின் நிறுவனம் 'வங்கி வேண்டாம், ரொக்கமாகவே போடுங்கள்' என்று ஒரு மாலில் ஏடிஎம் மாதிரி ஒரு கியோஸ்க் வைத்துப் பார்த்தது. சில நாளில் போலீஸ் வந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போனது, நிறுவனர்களும் கைதானார்கள். 2019 ஜூனில் காயினெக்ஸ் மூடியது.

அப்படியானால் தடை வேலை செய்ததா? கடைகள் மூடின என்பது உண்மை. ஆனால் அதே 2018 ஜூலையில் வஸீரெக்ஸ் பி-டு-பி முறையைக் கொண்டுவந்தது. வாங்குபவர் விற்பவர் அக்கவுண்டுக்கு நேரடியாக ரூபாய் அனுப்புவார். எக்ஸ்சேஞ்ச் காயினை மட்டும் நடுவில் பிடித்து வைத்திருந்து, பணம் வந்ததும் விடுவிக்கும். வங்கியின் கண்ணுக்கு அது 'முருகன் சேகருக்கு ரூ.20,000 அனுப்பினார்', அவ்வளவுதான். எதற்கு என்று வங்கிக்குத் தெரியாது. குறிப்புப் பகுதியில் கிரிப்டோ, பிட்காயின் என்றெல்லாம் எழுதாதீர்கள் என்பதுதான் இந்த உலகத்தில் சொல்லித்தரப்படும் முதல் பாடம்.

ஏப்ரல் 2018-க்கு முன்னால், எக்ஸ்சேஞ்ச் ஒன்றின் அக்கவுண்டைப் பார்த்தால் யார் எவ்வளவு போட்டார்கள், எடுத்தார்கள் என்பது ஒரே இடத்தில் தெரியும். அதற்குப் பிறகு, கோடிக்கணக்கான சாதாரணப் பணப் பரிமாற்றங்களுக்குள் அது கரைந்துபோனது. தன் ஜன்னலைத் தானே பூசிக்கொண்டது மாதிரி.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இணைய மற்றும் மொபைல் சங்கம் எதிர் ரிசர்வ் வங்கி. 2020 மார்ச் 4 அன்று ரோஹின்டன் நரிமன், அனிருத்தா போஸ், வி. ராமசுப்ரமணியன் ஆகிய மூவர் அமர்வு தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி ராமசுப்ரமணியன். 'உச்ச நீதிமன்றம் கிரிப்டோவை அனுமதித்தது' என்று அன்றைக்கு வாட்ஸப்பில் சுற்றியது தவறு. தீர்ப்பில் இரண்டு பாதி இருக்கிறது.

முதல் பாதியில் ரிசர்வ் வங்கி ஜெயித்தது. 'இது எங்கள் அதிகாரத்துக்குள் வராது என்கிறார்கள், ஆனால் பணம்போல வேலை செய்யும் எதுவும் நாட்டின் பணக் கொள்கையைப் பாதிக்கும்' என்ற அதன் வாதத்தை நீதிமன்றம் ஏற்றது. வங்கிகளுக்கு இப்படி உத்தரவு போட அதற்கு அதிகாரம் உண்டு.

இரண்டாவது பாதியில் தோற்றது. அதிகாரம் இருப்பது வேறு, அதை அளவோடு பயன்படுத்துவது வேறு. சட்டப்படி குற்றமில்லாத ஒரு தொழிலுக்கு வங்கிச் சேவையை வெட்டினால், அந்தத் தொழிலின் மூச்சையே நிறுத்துகிறீர்கள். அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவு தரும் தொழில் உரிமையில் கை வைக்கிறீர்கள். அதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டாமா? இந்த எக்ஸ்சேஞ்ச்களால் உங்கள் வங்கிகளில் ஒன்றுக்காவது பாதிப்பு வந்ததா? ரிசர்வ் வங்கியால் அப்படி ஒன்றைக் காட்ட முடியவில்லை. சர்க்குலர் ரத்தானது. 23 மாதம் உயிரோடு இருந்தது.

'தடை செய்யாமலேயே தடையின் பலனை அடையலாம்' என்ற வழி சட்டப்படி அங்கே அடைபட்டது. முழுத் தடை வேண்டுமென்றால் நாடாளுமன்றம் போக வேண்டும். சுபாஷ் சந்திர கார்க் தலைமையிலான குழு 2019-இல் ஒரு வரைவு மசோதாவே கொடுத்திருந்தது, பத்து வருஷம் வரை சிறை என்று. 2021-இல் இரண்டு கூட்டத்தொடர்களின் பட்டியலில் கிரிப்டோ மசோதா இடம்பெற்றது. இரண்டு முறையும் அவைக்கே வரவில்லை.

சட்டம் இல்லை, ஆனாலும்...

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்ப சுவாரஸ்யமாகப் பட்டது.

2022 ஏப்ரலில் அமெரிக்காவின் காயின்பேஸ் இந்தியாவுக்கு வந்தது. யூபிஐ மூலம் பணம் போடலாம் என்று அறிவித்தது. அதே நாள், 'யூபிஐ பயன்படுத்தும் எந்தக் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சையும் எங்களுக்குத் தெரியாது' என்று என்பிசிஐ ஓர் அறிக்கை விட்டது. ஒரே வரிதான். சில நாளில் காயின்பேஸ் யூபிஐ வசதியை எடுத்துவிட்டது. ரிசர்வ் வங்கியிடமிருந்து வந்த முறைசாரா அழுத்தம்தான் காரணம் என்று அதன் தலைவர் பிரையன் ஆம்ஸ்ட்ராங் மே மாதம் வெளிப்படையாகவே சொன்னார். சர்க்குலர் போட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். ஒரு முகச்சுளிப்பை எதிர்த்து எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

அடுத்தது வரி. 2022 பட்ஜெட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி வந்தது. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஜூலையிலிருந்து ஒவ்வொரு விற்பனையிலும் 1% டிடிஎஸ். '1% தானே' என்று தோன்றும். ஒரு கணக்குப் போடுங்கள். கையில் ஒரு லட்சம் வைத்துக்கொண்டு தினமும் வாங்கி விற்பவர், லாபமும் நஷ்டமும் இல்லாமல் 50 முறை விற்றால் கையில் புழங்குவது சுமார் ரூ.60,500 ஆகிவிடும். மீதி வரித்துறையிடம். ரிட்டர்ன் போட்டு ஈடுகட்டிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை கை கட்டப்பட்டிருக்கும்.

இந்திய எக்ஸ்சேஞ்ச்களில் வியாபாரம் சரிந்தது. 2018 சர்க்குலர் சாதிக்காததை ஒரு சதவீதம் சாதித்தது என்று சொல்லலாமா? அரைக்கிணறுதான். டிடிஎஸ் பிடிக்காத வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச்களுக்குப் பெரும்பாலோர் குடிபோனார்கள். செயினாலிசிஸ் நிறுவனம் வருஷா வருஷம் வெளியிடும் கிரிப்டோ பயன்பாட்டுப் பட்டியலில் 2023-லும் 2024-லும் இந்தியாதான் முதலிடம்.

பிறகு 2023 டிசம்பரில் அரசு வேறொரு வழியைப் பிடித்தது. நிதிப் புலனாய்வுப் பிரிவு பைனான்ஸ், கூகாயின் உட்பட ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 'கருப்புப் பணத் தடுப்புச் சட்டப்படி பதிவு செய்யாமல் இங்கே தொழில் செய்கிறீர்கள்' என்பது குற்றச்சாட்டு. அடுத்த மாதம் தளங்கள் முடக்கப்பட்டன. 2024-இல் பைனான்ஸ் வந்து பதிவு செய்துகொண்டது, ரூ.18.82 கோடி அபராதமும் விதிக்கப்பட்டது. 'உள்ளே வராதே' என்று சொன்னபோது கேட்காதவர்கள், 'வா, ஆனால் கணக்குக் காட்டு' என்றதும் வந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நைஜீரியா: தேவை இருந்தால்

இந்தியாவில் கிரிப்டோ பெரும்பாலும் முதலீடு, சூதாட்டம் அல்லது இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. இல்லாவிட்டாலும் வாழ்க்கை ஓடும். அது அன்றாடத் தேவையாகிவிட்ட நாட்டில் தடை போட்டால் என்ன ஆகும்? அதற்கு நைஜீரியாதான் உதாரணம்.

2021 பிப்ரவரி 5 அன்று நைஜீரிய மத்திய வங்கி, கிரிப்டோவில் ஈடுபடும் ஆட்களின், நிறுவனங்களின் அக்கவுண்ட்களைக் கண்டுபிடித்து மூடுங்கள் என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. நம் 2018 சர்க்குலரின் அண்ணன். அதற்குச் சில மாதம் முன்புதான் போலீஸ் அராஜகத்துக்கு எதிரான 'எண்ட் சார்ஸ்' போராட்டம் நடந்திருந்தது. போராட்டத்துக்கு உதவிய பெண்கள் குழு ஒன்றின் வங்கிக் கணக்கு முடங்கியபோது, அவர்கள் பிட்காயினில் நன்கொடை வாங்கினார்கள்.

ஆனால் பெரும்பாலான நைஜீரியர்களுக்குக் காரணம் அரசியல் இல்லை, டாலர். 2021 கடைசியில் அரசு விலைப்படி ஒரு டாலர் சுமார் 410 நைரா. அந்த விலைக்கு வங்கியில் போய்க் கேட்டால் டாலர் கிடைக்காது. தெருவில் 550 நைராவுக்கு மேல் கொடுத்தால் கிடைக்கும். வெளியிலிருந்து சரக்கு எடுக்கும் சின்ன வியாபாரி, வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்பும் அப்பா, சேமிப்பு கரைவதைப் பார்க்கும் சம்பளக்காரர், இவர்களுக்கெல்லாம் யுஎஸ்டிடி என்பது போனில் இருக்கும் டாலர்.

வங்கி வாசல் மூடியதும் எல்லோரும் பி-டு-பிக்குப் போனார்கள். அந்த அக்டோபரில் அரசே இநைரா என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கொண்டுவந்தது. ஐஎம்எஃப் ஆய்வுப்படி, எந்த ஒரு வாரத்தை எடுத்தாலும் அதன் வாலட்களில் 98.5% தூங்கிக்கொண்டிருந்தன. நியாயம்தானே? மக்கள் நைராவிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார்கள், நீங்கள் இன்னொரு நைராவை நீட்டுகிறீர்கள். 2023-இல் செயினாலிசிஸ் பட்டியலில் இந்தியாவுக்கு அடுத்து நைஜீரியா இரண்டாமிடம். அந்த டிசம்பரில் மத்திய வங்கி தன் தடையைத் தானே விலக்கிக்கொண்டது.

சீனா: அரசு முழுக்க இறங்கினால்

"அது பலவீனமான அரசு. சீனா பண்ணிக் காட்டலையா?" என்று கேட்பீர்கள். பார்ப்போம்.

சீன மக்கள் வங்கி 2013 டிசம்பரில் வங்கிகளைத் தடுத்தது. 2017 செப்டம்பரில் எக்ஸ்சேஞ்ச்கள் மூடப்பட்டன. 2021 மே, ஜூனில் மைனிங் மீது கை வைத்தார்கள். செப்டம்பர் 24 அன்று பத்து அரசுத் துறைகள் சேர்ந்து, கிரிப்டோ வியாபாரம் முழுவதுமே சட்டவிரோதம் என்று அறிவித்தன. எட்டு வருஷம், நாலு தவணை. ஒரே தடை போதுமானதாக இருந்திருந்தால் நாலு எதற்கு?

ஆனாலும் சீனாவில் தடை ஓரளவு பலித்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2019-இல் உலக பிட்காயின் மைனிங்கில் முக்கால் பங்கு சீனாவில் நடந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணக்குப்படி 2021 ஜூலையில் அது பூஜ்யம். உலகத்தின் மிகப் பெரிய மைனிங் தொழிலையே மூட்டை கட்ட வைத்தார்கள். செப்டம்பரில் அதே கணக்கில் பங்கு மறுபடி 22 சதவீதத்தைத் தாண்டியது. ஒளிந்துகொண்டு ஓட்டியவர்கள் வெளியே தெரிய ஆரம்பித்திருக்கிறார்கள். பயன்பாட்டுப் பட்டியலில் 2022-இல் சீனா முதல் பத்துக்குள் இருந்தது.

அங்கே அந்த அளவுக்குத் தடை பலித்ததற்கு மத்திய வங்கி மட்டும் காரணம் இல்லை. போலீஸ், மாகாண அரசுகள், மின்சாரத் துறை, இணையத்தைக் கட்டுப்படுத்தும் துறை, கோர்ட் எல்லாம் ஒரே திசையில் இழுத்தன. அந்த விலை கொடுத்தும் கிடைத்தது குறைப்பு, ஒழிப்பு இல்லை.

இது நமக்குப் புதிதில்லை

ஆற்றின் வேகம் என்று சொன்னேன் இல்லையா? அதைக் காட்டுவதற்கு கிரிப்டோவை விட நமக்குப் பழகிய ஒரு விஷயம் இருக்கிறது. உண்டியல்.

துபாயிலோ டொரான்டோவிலோ இருப்பவர் அங்கே ஏஜென்ட் ஒருவரிடம் பணம் கொடுப்பார். ஒரு போன். யாழ்ப்பாணத்திலோ ராமநாதபுரத்திலோ வீட்டு வாசலில் ஒருவர் வந்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போவார். பணம் எல்லை தாண்டவே இல்லை, கணக்கு மட்டும்தான் தாண்டியது. யுஎஸ்டிடி பி-டு-பி அச்சு அசல் இதுதான். ஏஜென்ட்டின் நாணயத்துக்குப் பதிலாக, நடுவில் காயினைப் பிடித்து வைக்கும் சாஃப்ட்வேர்.

2021-இல் இலங்கை மத்திய வங்கி டாலரை 200 ரூபாயை ஒட்டிக் கட்டி வைத்திருந்தது. உண்டியலில் கூடுதல் விலை. வங்கி வழியாக அனுப்புங்கள் என்று கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், டிசம்பரில் டாலருக்கு 10 ரூபாய் ஊக்கத்தொகையும் கொடுத்தார்கள். வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பிய பணம் 2020-இல் 710 கோடி டாலர், 2021-இல் 549 கோடி, நெருக்கடி வெடித்த 2022-இல் 379 கோடி. 2022 மார்ச்சில் விலையை அவிழ்த்துவிட்டார்கள். ரூபாய் பள்ளத்தில் விழுந்தது, மக்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆனால் வங்கி விலைக்கும் உண்டியல் விலைக்கும் இருந்த இடைவெளி பிறகு மூடியது. 2023-இல் வங்கி வழி வந்த பணம் 597 கோடி டாலருக்கு ஏறியது. உண்டியலை யாரும் ஒழிக்கவில்லை, அதற்கான காரணம் சுருங்கியது.

தங்கமும் இதே கதைதான். 1963-இல் மொரார்ஜி தேசாய் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று கொண்டுவந்தார். 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம். கல்யாணத்துக்கு நகை போடுவது நின்றதா? பிழைப்புப் போனது ஊரில் இருந்த ஆசாரிமார்களுக்கு. பிழைத்தது, நம் பழைய சினிமா வில்லன்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்த தங்க பிஸ்கட். 1990-இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

ரிசர்வ் வங்கியின் பயம் பொய்யா?

இல்லை. இங்கேதான் கிரிப்டோ ஆதரவாளர்கள் பலர் சறுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ரிசர்வ் வங்கி உண்மையில் பயப்பட வேண்டியது பிட்காயினுக்கு இல்லை, ஸ்டேபிள்காயினுக்கு. யுஎஸ்டிடி என்பது ஒரு டாலருக்கான கடன் சீட்டு. ஓர் இந்தியர் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் வெளியே அனுப்பக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த வேலியின் பலத்தில்தான் நெருக்கடி நேரத்தில் ரூபாயைக் காப்பாற்றுகிறார்கள். ஒவ்வொருவர் போனிலும் டாலர் வாசல் இருந்தால், ஒரு கெட்ட வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த வாசலுக்கு ஓடலாம். அப்போது பணம் இருப்பவன் முதலில் ஓடியிருப்பான், தினக்கூலிக்காரன் கையில் விலைபோகாத ரூபாய் மிஞ்சும்.

பயம் நிஜம்தான், மருந்துதான் கேள்வி. 2022 ஜூலையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மக்களவையில் சொன்ன பதிலில் இரண்டும் இருக்கிறது: கிரிப்டோவைத் தடை செய்ய வேண்டும் என்பதே ரிசர்வ் வங்கியின் கருத்து, ஆனால் அதற்கு எல்லையே இல்லாததால் பெரிய அளவில் சர்வதேச ஒத்துழைப்பு இருந்தால்தான் எந்தச் சட்டமும் பலிக்கும். தடை வேண்டும், தனியாக முடியாது. அரசு வாயாலேயே வந்த பதில்.

இன்னொரு வேடிக்கை. யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனம் நினைத்தால் எந்த முகவரியில் உள்ள யுஎஸ்டிடியையும் பூட்ட முடியும். போலீஸ் கேட்டுப் பலமுறை பூட்டியும் இருக்கிறது. அதாவது என் நண்பர் வைத்திருந்த காயினை நேரடியாக முடக்கும் சக்தி ஒரு தனியார் நிறுவனத்திடம் இருந்தது, அவர் நாட்டின் மத்திய வங்கியிடம் இல்லை.

ஆக, முடியுமா?

நான் புரிந்துகொண்டதை மூன்று வரியில் வைக்கிறேன்.

1. மத்திய வங்கியின் தடை கிரிப்டோவை நிறுத்தாது, அதன் செலவைக் கூட்டும். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் விலகுவார்கள். தேவை இருப்பவர்களும் திருட்டு எண்ணம் உள்ளவர்களும் அந்தச் செலவைக் கொடுத்துவிட்டுத் தொடர்வார்கள்.

2. எவ்வளவு பேர் தொடர்வார்கள் என்பதைச் சொந்த நாணயத்தின் ஆரோக்கியம் தீர்மானிக்கும். கிரிப்டோவுக்கு எதிராக ஒரு மத்திய வங்கி செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியம், தன் நாணயத்தை யாரும் விட்டு ஓடத் தேவையில்லாதபடி வைத்திருப்பது.

3. அனுமதித்துப் பதிவு செய்யச் சொன்னால் பணம் போகும் பாதை தெரியும். தடுத்தால் பாதை மறையும், பணம் போய்க்கொண்டிருக்கும்.

மூன்றாவதுதான் என் நண்பர் விஷயம். நாம் இப்போது இருப்பது தடையும் இல்லாத, முழு ஒழுங்குமுறையும் இல்லாத நடுத்தெருவில். வரி உண்டு, பாதுகாப்பு கிடையாது. 2024 ஜூலையில் வஸீரெக்ஸில் 23 கோடி டாலர் அளவுக்குக் கொள்ளை போனபோது, வங்கி டெபாசிட்டுக்கு இருப்பது மாதிரியான காப்பீடு எதுவும் அதில் பணம் போட்டவர்களுக்கு இல்லை. அந்தக் கொள்ளையை ஒட்டி வந்த ஒரு வழக்கில்தான் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ என்பது ஒருவர் உடைமையாக வைத்திருக்கக்கூடிய சொத்துதான் என்று சொன்னது. அடிப்படைக் கேள்விகளுக்கே இப்படி ஒவ்வொரு வழக்காகத்தான் பதில் வந்துகொண்டிருக்கிறது.

நடுத்தெருவில் நடக்கிறவன் மீது இரண்டு பக்க வண்டியும் மோதும். நேரடி வாசல் ஒழுங்காகத் திறந்திருந்தால் நண்பர் எக்ஸ்சேஞ்சில் விற்று வங்கியில் வாங்கியிருப்பார். பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது எக்ஸ்சேஞ்சின் பொறுப்பாக இருந்திருக்கும். இப்போது அந்தப் பொறுப்பு, ஸ்கூல் ஃபீஸ் கட்ட நின்ற ஒரு தனி மனிதன் தலையில். எதிர்ப்பக்கம் இருப்பவன் திருடனா நல்லவனா என்று அவரால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

அவர் கதையையும் முடித்துவிடுகிறேன். எக்ஸ்சேஞ்ச் ஆர்டர் விவரம், சாட் ஸ்க்ரீன்ஷாட், வரி கட்டிய ரசீது எல்லாம் சேர்த்துப் புகார் பதிவான ஊர் போலீசுக்கு மெயில், பிறகு ரிஜிஸ்டர் போஸ்ட். பதில் இல்லை. கடைசியில் நேரிலேயே ரயில் ஏறிப் போனார். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதி அக்கவுண்டைத் திறந்துவிடச் சம்மதித்தார்கள். மொத்தம் ஏழு வாரம். அந்த ரூ.45,000 இன்னும் பூட்டில்தான் இருக்கிறது. ஃபீஸை மச்சான் கட்டினார்.

போன வாரம் பார்த்தபோது கேட்டேன், "இன்னும் கிரிப்டோ இருக்கா?"

"இருக்கு. விக்கத்தான் பயமா இருக்கு" என்றார்.